பாரீஸில் மழை பெய்தால் பணம் திரும்புமா?

பிப்ரவரியில் தள்ளுபடி விமான டிக்கெட் வாங்குகிறீர்கள். மே மாதம் எனக்கு நனைந்த கடிதம் எழுதுகிறீர்கள். இந்த வாரம் வந்த கடிதக் கட்டுக்குள் பாதிக்கு மேல் பிரான்ஸ். எல்லாம் வசந்த காலத்தில் தனியாகப் போனவர்களும் போகப் போகிறவர்களும் எழுதியவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். காலுறை நனைந்த கதையை மட்டும் இரண்டு பக்கம் எழுதிய வாசகர் மன்னிக்கவும்.

கேள்வி: ஏப்ரலில் நான்கு நாள் பாரீஸ் போனேன். நான்கு நாளும் மழை. ஓட்டல் இணையதளத்தில் வெயில் காயும் படங்களைத்தான் போட்டிருந்தார்கள். பாதிப் பணமாவது திருப்பிக் கேட்கலாமா? (கோவை)

பதில்: கேட்கலாம். கிடைக்காது.

கேள்வி: ஈஃபில் கோபுரத்துக்கு எதிரே ட்ரொகாதெரோவில் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. நடைபாதையில் விற்றவரிடம் 10 யூரோவுக்குக் குடை வாங்கினேன். இயெனா பாலத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு கம்பி போய்விட்டது. திரும்பி வந்தால் ஆளைக் காணோம். பிரான்ஸில் நுகர்வோர் சட்டம் கடுமையானது என்கிறார்களே? (திருச்சி)

பதில்: கடுமையானதுதான், பிடிப்பதற்கு ஒரு கடை இருந்தால். கடையில் வாங்கிய புதுப் பொருளுக்கு அங்கே இரண்டு ஆண்டு சட்டபூர்வ உத்தரவாதம் உண்டு. குறை இருந்தால் சரிசெய்தோ மாற்றியோ தரவேண்டும். குடைக்கும் அது பொருந்தும். ஆனால் வாங்கியதற்குச் சான்று வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரான்ஸில் பெரும்பாலான கொள்முதலுக்கு ரசீதைத் தானாக அச்சிட்டுக் கொடுப்பதில்லை. கேட்டு வாங்க வேண்டும். "தீக்கே, சில் வூ ப்ளே" என்றால் தருவார்கள். உங்கள் 10 யூரோவுக்கு என் அனுதாபம். அதே இடத்தில் அதே மாதிரிக் குடை ஒன்றை நானும் வாங்கியிருக்கிறேன். என்னுடையது பாலம் வரைகூட வரவில்லை.

கேள்வி: மே மாதம் ருவானுக்கும் பாரீஸுக்கும் தனியாகப் போகிறேன். தள்ளுபடியில் ஒரு மழைக்கோட்டு பார்த்து வைத்திருக்கிறேன். லேபிளில் "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று இருக்கிறது. போதுமா? (சென்னை)

பதில்: போதாது. இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் இந்த லேபிளோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரலில் நானும் தனியாக ருவான் போனேன். பாரீஸின் சான் லசார் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அந்த ஊருக்கு "நார்மண்டியின் மூத்திரச் சட்டி" என்று பிரெஞ்சுக்காரர்களே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், அத்தனை மழை. நான் போட்டிருந்தது தள்ளுபடியில் வாங்கிய நீலக் கோட்டு. அதன் அட்டையில் மூன்று நீர்த்துளிகள் அழகாக உருண்டுகொண்டிருந்தன. ஓவியர் மோனே முப்பது தடவைக்கு மேல் வரைந்த தேவாலயத்துக்கு நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. பாதி வழியிலேயே தோள் சில்லிட்டது. பெரிய கடிகார வளைவுக்கு அடியில் ஒதுங்கிக் கோட்டைக் கழற்றினேன். வெள்ளைச் சட்டையில், கோட்டின் தையல் ஓடிய இடமெல்லாம் நீலச் சாயம் கோடு கோடாக இறங்கியிருந்தது. உள்பையில் வைத்திருந்த பாஸ்போர்ட்டின் ஓரம் பொரித்த அப்பளம் போல நெளிந்திருந்தது.

வாட்டர் ரெசிஸ்டன்ட், வாட்டர் ரிப்பலன்ட், வாட்டர்ப்ரூஃப் என்று மூன்று சொற்களை வைத்துக்கொண்டு இந்த வியாபாரம் நம்மோடு விளையாடுகிறது. முதல் இரண்டும் தூறலுக்கு. மூன்றாவதுதான் மழைக்கு. பிரெஞ்சுக் கடையில் வாங்குவதானால் "தெபெர்லான்" என்ற சொல்லுக்குத் துளி உருண்டோடும் என்று மட்டுமே பொருள். "ஆம்பெர்மெயாப்ள்" என்பதே நீர் புகாதது. நல்ல கோட்டில் மில்லிமீட்டரில் ஓர் எண்ணும் இருக்கும். துணியின் மேல் தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், எத்தனை உயரத் தண்ணீர் வரை கசியாமல் தாங்கியது என்று எடுத்த அளவு அது. 10,000 என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீர். நகரத்தில் நடப்பவருக்கு அது தாராளம்.

அந்த எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். சோதித்தது துணியை, நீங்கள் வாங்குவது தைத்த கோட்டை. ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டைதான். கடையிலேயே கோட்டை உள்புறம் திருப்பிப் பாருங்கள். தையலின் மேல் விரல் அகலத்துக்குப் பளபளப்பான பட்டை ஒட்டியிருந்தால் மேலே பேசுங்கள். இல்லையென்றால் ஆணியில் திரும்ப மாட்டிவிட்டு வாருங்கள். விற்பனையாளர் முறைப்பார், முறைக்கட்டும்.

இன்னொன்று. புதுக் கோட்டில் தாமரை இலைத் தண்ணீர் போலத் துளி உருளுவது மேற்பூச்சின் வேலை. அழுக்கும் சலவைத்தூளும் சேரச் சேர அது செத்துப்போகும். இந்தப் பூச்சுகளுக்குப் பல காலம் பயன்பட்டு வந்த பிஎஃப்ஏஎஸ் இரசாயனங்கள் உள்ள உடைகளுக்கு, 2025 பிப்ரவரியில் வந்த சட்டத்தின் மூலம் 2026 ஜனவரி முதல் பிரான்ஸ் தடை போட்டிருக்கிறது. தீயணைப்பு வீரர்கள் போன்றோரின் பாதுகாப்பு உடைகளுக்கு மட்டும் விலக்கு. நல்ல சட்டம், ஆனால் மாற்றுப் பூச்சுகளை இன்னும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கும். அதையும் விற்பவர் சொல்லமாட்டார்.

கேள்வி: பாரீஸ் ஓட்டலை "பணம் திரும்பாது" என்ற மலிவுக் கட்டணத்தில் முன்பதிவு செய்தேன். விசா மறுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று படித்தேன். 30,000 யூரோவுக்குக் காப்பீடும் இருக்கிறது. எதிலாவது பணம் வருமா? (பெங்களூரு)

பதில்: "பணம் திரும்பாது" என்று நீங்களே கடிதத்தின் முதல் வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை எனக்கு எழுதுவதற்கு முன்பே ஒருமுறை படித்திருக்கலாம்.

14 நாள் உரிமை உண்மைதான். குறிப்பிட்ட தேதிக்கு வாங்கிய தங்குமிடத்துக்கு அது கிடையாது. பயண டிக்கெட்டுக்கும் நிகழ்ச்சி டிக்கெட்டுக்கும்கூடக் கிடையாது. 30,000 யூரோ என்பது ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் குறைந்தபட்ச மருத்துவக் காப்பீடு. அங்கே போய்க் குடல்வால் வெடித்தால் உதவும். விசா மறுப்புக்கும் பணம் உண்டு என்று பாலிசியில் தனியாக எழுதியிருந்தாலொழிய இதற்கு உதவாது. விசாவுக்குக் காட்ட ரத்து செய்யக்கூடிய முன்பதிவே போதுமானது. ஓட்டலுக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வேறு தேதி தருவார்களா என்று கேளுங்கள். தந்தால் அவர்கள் நல்ல மனம். உங்கள் உரிமை இல்லை.

சிறு விடுதிகளுக்கு நேரடியாக முன்பணம் அனுப்புகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் முன்பணம் இரண்டு வகை. "ஆர்" என்றால், நீங்கள் விலகினால் அந்தத் தொகையோடு போயிற்று. விடுதிக்காரர் விலகினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். "அகோன்த்" என்றால் விலகவே வழியில்லை, மீதியையும் கேட்கலாம். ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதாவிட்டால் "ஆர்" என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: எனக்கு 61 வயது. கணவர் இறந்தபின் முதல் தனிப் பயணம். சார்ல் த கோல் விமான நிலையத்தில் இறங்கியபோது இரவு, கொட்டும் மழை. உள்ளேயே ஒருவர் "டாக்சி, மேடம்" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார். மோன்மார்த்தர் ஓட்டலுக்கு 150 யூரோ. மழைக்கும் இரவுக்கும் பெட்டிக்கும் கூடுதல் என்றார். கார்டில் கொடுத்தேன். மகனிடம் இன்னும் சொல்லவில்லை. (மதுரை)

பதில்: அம்மா, இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. இருட்டில், மழையில், மொழி தெரியாத ஊரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் நடந்தால் யாராக இருந்தாலும் பின்னால்தான் போவார்கள். அதைத் தெரிந்துதான் அவன் அங்கே நின்றான்.

அந்த விமான நிலையத்திலிருந்து பாரீஸுக்கு டாக்சிக் கட்டணம் அரசு நிர்ணயித்தது. 2025 கட்டணப்படி, சேன் ஆற்றின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. மோன்மார்த்தர் வலது கரையில் இருக்கிறது. இரவானாலும் மழையானாலும் பெட்டி இருந்தாலும் அதே தொகைதான். உள்ளே வந்து ஆள் பிடிப்பதே சட்டவிரோதம். உண்மையான டாக்சி வெளியே, பலகை காட்டும் வரிசையில், கூரையில் விளக்கோடு நிற்கும். மீட்டரும் கார்டு இயந்திரமும் அதில் இருந்தாக வேண்டும்.

கார்டில் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. உங்கள் வங்கிக்கு இன்றே எழுதி, அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்து முறையிடுங்கள். நிர்ணயித்த கட்டணத்தையும் விமானம் இறங்கிய நேரத்தையும் ஓட்டல் முகவரியையும் சேர்த்து அனுப்புங்கள். பிரெஞ்சு அரசின் நுகர்வோர் புகார்த் தளமான சிக்னல்கோன்சோவிலும் பதிவு செய்யுங்கள். கட்டாயம் திரும்பிவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விடாதீர்கள். மகனிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

கேள்வி: உணவகத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு 7 யூரோ வாங்கினார்கள். இது கொள்ளை அல்லவா? (சிங்கப்பூர்)

பதில்: நீங்கள் பாட்டில் கேட்டீர்கள், தந்தார்கள். "கராஃப் தோ" என்று கேட்டிருந்தால் குழாய்த் தண்ணீர் கூஜாவில் இலவசமாக வந்திருக்கும். சாப்பிட உட்கார்ந்தவருக்கு அதைத் தரவேண்டும் என்பது அங்கே சட்டம். சேவைக் கட்டணமும் விலைக்குள்ளேயே அடக்கம். டிப்ஸ் வைத்தீர்களா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

கேள்வி: கடையில் கார்டு போட்டதும் யூரோவா, ரூபாயா என்று இயந்திரம் கேட்கிறது. நம் பணத்தில் கொடுப்பதுதானே பாதுகாப்பு? (ஈரோடு)

பதில்: யூரோ. ரூபாயை அழுத்தினால், மாற்று விகிதத்தை உங்கள் வங்கிக்குப் பதிலாக அந்த இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் தீர்மானிக்கும், தன் லாபத்தையும் சேர்த்து. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், அங்கேயும் யூரோதான். கடைக்காரர் உங்களுக்காக அழுத்த வந்தால் இயந்திரத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழை பெய்தால் அருங்காட்சியகம் என்று முடிவு செய்துவிட்டேன். நான்கு நாள் மியூசியம் பாஸ் லாபமா? (சேலம்)

பதில்: எனக்கு நஷ்டம். நான்கு நாள் பாஸ் வாங்கி மூன்றே இடம் பார்த்தேன். முதல் நுழைவிலிருந்து 96 மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் தூங்கினாலும் அது தூங்காது. லூவருக்குப் பாஸ் இருந்தாலும் நேரம் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். லூவர் செவ்வாய் விடுமுறை, ஓர்சே திங்கள். ஒரு நாளைக்கு எத்தனை இடம் உண்மையாகவே பார்ப்பீர்கள் என்று எழுதி, தனித்தனி டிக்கெட் விலையோடு கூட்டிப் பாருங்கள். கார்னவாலே, பெத்தி பலே இரண்டிலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமே இல்லை. அதுவும் வேண்டாமென்றால் 1800-இல் திறந்த பசாஜ் தே பனோரமா, 1823-இல் கட்டிய கலரி விவியென் என்று கண்ணாடிக் கூரை போட்ட பழைய கடைத்தெருக்கள் இருக்கின்றன. நனையாமல் ஒரு மாலையே நடக்கலாம்.

திறந்த மாடிப் பேருந்து டிக்கெட்டை மட்டும் வானத்தைப் பார்க்காமல் முன்கூட்டி வாங்காதீர்கள். நான் வாங்கினேன். மாடி இருக்கைகளில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு, மூச்சுப் பட்டு மங்கிய கண்ணாடி வழியே பாரீஸைக் காதால் மட்டும் சுற்றிப் பார்த்தேன்.

கேள்வி: நான் ஒருத்திதான் தங்கினேன். ஓட்டல் பில்லில் சுற்றுலா வரி இரண்டு பேருக்குப் போட்டிருக்கிறது. (புதுச்சேரி)

பதில்: அந்த வரி ஆளுக்கு, இரவுக்கு. முன்பதிவில் "பெரியவர்கள் 2" என்று தானாக விழுந்திருந்ததை நீங்கள் மாற்றியிருக்க மாட்டீர்கள். இருந்தாலும் தங்கியது ஒருவர் என்பது அவர்களுக்கே தெரியும். பில்லோடு எழுதிக் கேளுங்கள்; இதைக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

கேள்வி: ஒரு கடையில் 70 யூரோவுக்குக் குடை, இன்னொரு கடையில் 45 யூரோவுக்குச் சால்வை. மொத்தம் 100 தாண்டியதால் பொருள்களுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறலாமா? (சென்னை)

பதில்: முடியாது. மூன்று நாளுக்குள் ஒரே கடையில் 100 யூரோவைத் தாண்ட வேண்டும். 70 யூரோ குடையா?

கேள்வி: மே 1 எனக்குப் பாரீஸில் கடைசி நாள். அன்றைக்கு லூவரும் கடைவீதியும் என்று திட்டம். (நாகர்கோவில்)

பதில்: லூவர் மூடியிருக்கும். ஓர்சேயும் மூடியிருக்கும். பெரும்பாலான கடைகளும் அப்படியே. தொழிலாளர் தினம், ஐயா. ஆனால் அன்று தெருமுனைகளில் மியூகே என்ற வெள்ளை மணிப் பூங்கொத்தை யார் வேண்டுமானாலும் விற்கலாம்; சின்னப் பிள்ளைகள்கூட நனைந்துகொண்டே விற்பார்கள். ஒன்று வாங்குங்கள். அதற்கு ரசீது கேட்க வேண்டாம்.