முதலில் ஏறுங்கள், தம்பி

திருமங்கலத்திலிருந்து லண்டனுக்குப் படிக்க வரும் தம்பி, குளிருக்கு என்ன வாங்குவது, வாடகை எவ்வளவு, சக்கர நாற்காலியோடு பஸ்ஸில் முதலில் ஏறினால் வரிசையில் நிற்பவர்கள் திட்டுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்வெட்டரும் வாடகையும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் இளம்பிள்ளை வாதத்தில் கால் போனவன். மூன்றாவதற்கு மட்டும் சொல்கிறேன்.

திட்ட மாட்டார்கள், முணுமுணுப்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள். நடு வாசலையொட்டி வெளியே நீல பட்டன் இருக்கும்; அழுத்தினால் ஓட்டுநர் சாய்வுப் பலகையை இறக்குவார். சக்கர நாற்காலியில் போகிறவருக்கு டிக்கெட் வேண்டாம். நாற்காலிக்கு இருப்பது ஓர் இடம். கூட்டம் அதை அடைத்துவிட்டால் பிறகு சக்கரத்தைத் திருப்பக்கூட முடியாது. அதனால்தான் முதலில் ஏற்றுகிறார்கள், சலுகையாக அல்ல. நின்றுகொண்டு போகிறவருக்கு எந்த மூலையும் போதும். நமக்கு அந்த இடம் போனால் பஸ்ஸே போன கணக்குதான்.

குழந்தை வண்டியோடு யாராவது அங்கே நின்றால்தான் தகராறு. 2012 இல் வட இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குப் போகவிருந்த ஒருவர் இப்படித்தான் ஏற முடியாமல் போய், வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒருமுறை கேட்டுவிட்டு ஓட்டுநர் கைகழுவ முடியாது என்று 2017 இல் தீர்ப்பு வந்தது. ஆனால் இடத்தை மறித்தவரை இறக்கிவிட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே கூச்சப்படாமல் வாய்திறந்து கேளுங்கள். தீர்ப்புக்கு முன் வந்தவன் நான். ரயில் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் விடும் மாற்று பஸ்கள் "அடுத்ததில் வா" என்று என்னை மழையில் விட்டுவிட்டுப் போயிருக்கின்றன.

ஊரில், மதுரை பெரியார் பஸ் நிலையத்தில் அண்ணன் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பான். கண்டக்டர் அக்குளில் கைகொடுத்து மூட்டையாய்த் தூக்கி வைப்பார். சட்டை மேலேறி வயிறு தெரியும்; பூக்காரம்மா இழுத்துவிடுவார். அன்பாகத்தான் செய்தார்கள். ஆனால் அவர்களுக்கு மனம் இருந்த நாளில்தான் எனக்கு பஸ். இங்கே ஓட்டுநர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பலகை இறங்குகிறது.

இதைக் கெடுப்பவர்கள் நம்மவர்கள்தான். நன்றாக நடக்கிற அத்தைக்கு, ஆங்கிலம் தெரியாது என்பதற்காக விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டு வாங்குகிறார்கள். பெட்டி வந்ததும் அத்தை எழுந்து ஓடுகிறார். பார்ப்பவன் அடுத்து நம்மையும் சந்தேகப்படுவான். ஊரிலிருந்து உறவினர் வந்தால் உங்களோடு ஒருவர் மட்டும் ஏறட்டும், மற்றவர்கள் வரிசையில் வரட்டும். இதைச் சொன்னதற்காக என் மச்சான் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.