விக்டோரியா கால 'நரம்புத் தளர்ச்சி' மருந்துகளில் என்னதான் இருந்தது? மக்கள் ஏன் நம்பி வாங்கினார்கள்?

பிரிட்டனில் இவற்றை 'பேட்டன்ட் மருந்து' (காப்புரிமை பெற்ற மருந்து) என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே தவறு. காப்புரிமை வேண்டுமென்றால் செய்முறையை வெளியிட வேண்டும். அதனால் பெரும்பாலோர் அதை எடுக்கவே இல்லை. பெயரையும் லேபிளையும் மட்டும் வணிகக் குறியாகக் காத்துக்கொண்டார்கள்.

நம்பிக்கைக்குப் பெரிய காரணம் அரசு முத்திரை. ஒரு ஷில்லிங் வரையிலான மருந்துக்கு ஒன்றரைப் பென்னி வரி. அதனால்தான் விளம்பரங்களில் '1 ஷில்லிங் 1½ பென்னி' என்ற விசித்திர விலை. புட்டியின் வாயில் ஒட்டிய அந்த வரிச்சீட்டை அரசின் உத்தரவாதம் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். விற்பவர்களும் அந்த எண்ணத்தை வளர்த்தார்கள்.

உள்ளே இருந்ததற்கு டாக்டர் வில்லியம்ஸ் பிங்க் மாத்திரை நல்ல உதாரணம். நரம்புத் தளர்ச்சி முதல் பக்கவாதம் வரை தீர்க்கும் என்றார்கள். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909-இல் வெளியிட்ட பகுப்பாய்வில் தெரிந்தவை: இரும்பு சல்பேட், பொட்டாசியம் கார்பனேட், கொஞ்சம் மக்னீசியா, அதிமதுரப் பொடி, சர்க்கரை. மேலே இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு. மருத்துவர்கள் ஏற்கெனவே ரத்தசோகைக்குக் கொடுத்துவந்த பிளாட் மாத்திரையும் இதே சேர்க்கைதான். ஆகவே சோகை பிடித்து வெளுத்த பெண்களுக்கு உண்மையிலேயே தெம்பு வந்தது. அவர்கள் எழுதிய நன்றிக் கடிதங்கள் பக்கவாத நோயாளியையும் ஏமாற்றின. தயாரிப்பும் மோசம்: இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டிருந்தது.

ஆண்களுக்கான விளம்பரங்களில் 'தளர்ச்சி' என்பது பெரும்பாலும் சுய இன்பம், விந்து வெளியேற்றம் பற்றிய பயத்துக்கான மறைபெயர். வெட்கத்தால் ஏமாந்தவர் புகார் கொடுக்க மாட்டார். அந்த மௌனமே இந்த வியாபாரத்தின் மூலதனம்.

பிரிட்டனில் உள்ளடக்கத்தை லேபிளில் காட்ட வேண்டும் என்ற சட்டம் 1941-இல்தான் வந்தது. முத்திரை வரியும் அப்போதுதான் ஒழிந்தது.