கடன் அடையட்டும், அப்புறம் பார்க்கலாமா?

சிறுதொழில் செய்கிறவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். பிழைப்பும் நடக்க வேண்டும், செய்கிற வேலைக்கு ஓர் அர்த்தமும் இருக்க வேண்டும் என்ற தவிப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. நான்கு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மரச்சாமான் பட்டறை நடத்துகிறேன். காது கேளாத பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலைக் கற்றுத்தர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கடன் அடையட்டும், இன்னொரு பெரிய ஆர்டர் வரட்டும் என்று வருஷம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் சுயநலக்காரனா, அக்கா?

பதில்: இல்லவே இல்லை. மனதுக்குள் அந்த ஆசையை ரொம்பப் பெரிதாக வளர்த்துவிட்டீர்கள், அதுதான் சிக்கல். தனிக் கட்டடம், வரிசையாக மேசைகள், சம்பளத்துக்கு ஓர் ஆசிரியர் என்று யோசித்தால் கையில் இருக்கிற காசு என்றைக்குமே போதாது. கடன் அடைந்தாலும் போதாது, ஏனென்றால் வருமானம் ஏறும்போது கூடவே புது இயந்திரம், இன்னும் இரண்டு ஆள், பெரிய இடம், அதற்கு ஒரு புதுக் கடன் என்று செலவும் ஏறிக்கொண்டுதான் போகும். எவ்வளவு இருந்தால் போதும் என்று ஒரு தொகையைத் தாளில் எழுதி வைக்காத வரை "போதும்" என்கிற நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அதை இன்றைக்கே எழுதிவிடுங்கள்.

அப்புறம், ஒரே ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வாரத்தில் இரண்டு மதியம் போதும். அளவெடுப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, உளி பிடிப்பது எல்லாமே கண்ணால் பார்த்துக் கையால் செய்து படிக்கிற வேலைதான், அதற்குப் பேச்சு அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் கொஞ்சமும் அசட்டை கூடாது: "ஏய், நகரு" என்று கத்தினால் அந்தப் பிள்ளைக்குக் கேட்காது. இயந்திரம் ஓடும்போது எரிகிற ஒரு சிவப்பு விளக்கு, சுவிட்சைத் தொடும் முன் எல்லோரும் காட்ட வேண்டிய ஒரு கைச்சைகை, பின்னால் வருகிற ஆளைப் பார்க்க ஒரு கண்ணாடி, இவற்றை முதலிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள். இன்னொன்று, கற்றுத்தருகிறேன் என்று சொல்லிச் சும்மா வேலை வாங்காதீர்கள். அந்தப் பிள்ளை தேய்த்த நாற்காலி விற்றால் அதில் அதற்கும் பங்கு உண்டு. ஒரு பிள்ளையோடு தொடங்கி அது சரிவராமல் போனால்கூடப் பட்டறை மூழ்கிவிடாது. எங்கே தப்பு என்றாவது தெரியும்.

கேள்வி: சின்னக் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். அவர்கள் கஷ்டம் தெரிந்ததால் காசு கேட்க வாய் வருவதில்லை. மாதக் கடைசியில் என் வீட்டு வாடகைக்கே திண்டாட்டம்.

பதில்: நல்ல காரியத்துக்குக் காசு வாங்கினால் அதன் மதிப்புக் குறைந்துவிடும் என்று உங்கள் மனதில் யாரோ ஆழமாகப் பதிய வைத்திருக்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கிய கட்டணம்தான் கொடுக்க முடியாதவர்களின் அறுவை சிகிச்சைக்கும் கைகொடுத்தது. எல்லோருக்கும் இலவசம் என்று இறங்கியிருந்தால் அந்த மருத்துவமனை இத்தனை காலம் நின்றிருக்குமா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஒரு கடையின் கணக்குக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் போகிறது என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். கசங்கிய ரசீதுகளைப் பிரித்து அடுக்குவதும், "அந்த பில் எங்கே வைத்தேன்" என்று அவர் தேடும் வரை காத்திருப்பதும் அதில் சேர வேண்டும். அதை வைத்துக் கட்டணத்தை முடிவு செய்துவிட்டு, எத்தனை பேருக்கு இலவசமாகச் செய்ய முடியும் என்று நீங்களே ஒரு வரம்பு வையுங்கள். இலவசமாகச் செய்கிறவர்களுக்கும் பில்லில் முழுத் தொகையை எழுதி, கீழே தள்ளுபடி என்று கழித்துக் கொடுங்கள், உங்கள் உழைப்பு என்ன பெறும் என்று அவர்களுக்கும் தெரியட்டும். கேட்கக் கூச்சமாக இருந்தால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அடுத்த மாதத்திலிருந்து இதுதான் கட்டணம். சிரமம் என்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்." நிஜமாகவே முடியாதவர் வந்து சொல்வார், முடிந்தும் கொடுக்காமல் இருந்தவர் கொடுக்கத் தொடங்குவார்.

கேள்வி: குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுத்தருகிறேன். பட்டம் எதுவும் இல்லை. ஒருநாள் எல்லோரும் என்னைப் போலி என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இந்தப் பயத்தைப் பற்றி பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-லேயே எழுதியிருக்கிறார்கள், அதுவும் நன்றாகச் சாதித்த பெண்களிடம் பார்த்துவிட்டு. ஆகவே பயம் வருவதாலேயே நீங்கள் போலி என்று ஆகிவிடாது. ஒரு குழந்தை சேர்ந்த நாளில் வரைந்ததையும் இப்போது வரைவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிகிறதா? தொடருங்கள். தெரியவில்லையா? அப்படியென்றால் உங்களுக்கும் ஓர் ஆசிரியர் தேவை, தேடிப் போய்ப் படியுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: பிளாஸ்டிக் பை தயாரிக்கிறேன். மனது ஒப்பவில்லை, துணிப்பைக்கு மாற ஆசை. ஆனால் இயந்திரத்துக்குக் கொட்டிய பணத்தை நினைத்தால் கால் நகர மறுக்கிறது.

பதில்: கொட்டிய பணம் கொட்டியதுதான், இயந்திரத்தை ஓட்டினாலும் நிறுத்தினாலும் அது திரும்பாது. ஆனால் மனது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற ஆய்வாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், முழு விலை கொடுத்து நாடக சீசன் டிக்கெட் வாங்கியவர்கள், அதே டிக்கெட்டைத் தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். பார்ப்பது அதே நாடகம்தான், ஆனால் கொடுத்த காசு ஆளை இழுத்துக்கொண்டு போகிறது. நீங்கள் வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்: இயந்திரம் இல்லை, அதை இன்று விற்றால் கிடைக்கும் தொகை மட்டும் கையில் இருக்கிறது, அதைக் கொண்டு மறுபடி அதே இயந்திரத்தைத்தான் வாங்குவீர்களா? மாட்டேன் என்றால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

அதற்காக நாளைக்கே பட்டறையைப் பூட்டிவிடாதீர்கள், உங்களை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்குத் தையல் வரும், யாருக்குப் பழக விருப்பம் என்று முதலில் கேளுங்கள். உங்களிடம் தவறாமல் வாங்குகிற கடைகளில் துணிப்பையின் விலைக்கு எது ஒத்துவரும் என்று விசாரியுங்கள். பழைய இயந்திரம் வாங்கும் ஒன்றிரண்டு பேரிடம் விலையும் கேட்டு வையுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்ததும் மறுபடி எழுதுங்கள், மாறுவதற்கு எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம் என்று அப்போது சேர்ந்து கணக்குப் போடலாம்.