நல்ல காலும் ஏன் தளர்கிறது?

கேள்வி: எனக்கு வயது 54. மூன்று வயதில் போலியோ வந்தது, இடது காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்). வலது காலை நம்பித்தான் முப்பது வருடமாகத் தையல் மெஷின் மிதிக்கிறேன். ஒரு வருடமாக அந்தக் காலும் தளர்கிறது. மத்தியானத்துக்கு மேல் உடம்பு அசந்துவிடுகிறது. போலியோ திரும்ப வந்துவிட்டதா? ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசி போட்டால் சரியாகும் என்கிறார்கள். ஊனச் சான்றிதழில் சதவீதத்தைக் கூட்டித் தர ஒருவர் பணம் கேட்கிறார்.
- தையல்காரர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: திரும்ப வரவில்லை. வீட்டில் யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது. இயற்கையாகப் பரவும் போலியோ இந்தியாவில் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014-ல் போலியோ ஒழிந்ததாகச் சான்று கிடைத்தது. சான்றை வாங்கிய கையோடு, ஏற்கெனவே போலியோ வந்தவர்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் 'போஸ்ட் போலியோ சிண்ட்ரோம்', அதாவது போலியோ வந்து பல வருடம் கழித்து வரும் தளர்ச்சி. அன்றைக்குத் தண்டுவடத்தில் பல நரம்பு செல்கள் செத்துப்போயின. மிஞ்சியவை கிளைவிட்டு, செத்தவற்றின் தசைகளையும் சேர்த்து இயக்கின. நாலு ஆள் வேலையை ஒரே ஆள் நாற்பது, ஐம்பது வருடம் பார்த்தால் என்ன ஆகும்? 'நல்ல கால்' என்கிறீர்களே, அதையும் போலியோ லேசாகத் தொட்டிருக்கலாம். இளம் வயதில் தெரிந்திருக்காது.

இதை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. தைராய்டு, சர்க்கரை, பி12, ரத்தசோகை, முதுகுத்தண்டு எல்லாவற்றையும் பார்த்து, வேறு காரணம் இல்லை என்றால்தான் இந்த முடிவுக்கு வருவோம்.

முதல் வேலை, மெஷினுக்கு மோட்டார் போடுங்கள். மத்தியானம் அரை மணி நேரம் படுங்கள். "நடந்தால்தான் கால் தேறும்" என்று சொல்லுகிறவர்களிடம் காதைக் கொடுக்காதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படி நடந்தே காலைக் கெடுத்துக்கொண்டவர்கள். உடற்பயிற்சியே கூடாது என்பதில்லை. மறுநாள் காலையில் அசதி மிச்சமிருந்தால், நேற்றுச் செய்தது அதிகம்.

ஸ்டெம் செல்லா? சில ரத்த நோய்களுக்கு அது முறையான சிகிச்சை. போலியோ காலுக்கு அல்ல. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து ஊசி போட்டவரை எனக்குத் தெரியும். கால் அப்படியேதான் இருக்கிறது, பத்திரம்தான் இல்லை.

அப்புறம், இது உங்களுக்கு அல்ல, படிக்கும் மற்றவர்களுக்கு. போலியோவால் முதுகு வளைந்தவர்கள், குழந்தையில் மூச்சுத் திணறல் வந்தவர்கள், காலையில் தலைவலியோடு எழுந்தாலோ பகலில் தூங்கி விழுந்தாலோ நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தில் மூச்சு குறைகிறதா என்று சோதிக்க வேண்டும். இதைத் தூக்க மாத்திரையால் சமாளிக்கவே கூடாது. அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் போலியோ வந்ததை முன்பே சொல்லிவிடுங்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

சதவீதத் தரகருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். பொய்ச் சான்றில் சலுகை வாங்கினால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மாட்டுவது நீங்கள், அவரல்ல. உங்கள் பலவீனம் உண்மையாகவே கூடியிருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மறுமதிப்பீடு கேட்டு எழுதிக் கொடுங்கள். "போலியோவுக்குச் சதவீதம் மாறாது" என்று கவுன்டரில் விரட்டுவார்கள். மாறும். மனுவுக்கு ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்கோ, வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுப் பிரிவுக்கோ ஒருமுறை போய்க் காட்டுங்கள். எடை குறைந்த காலிப்பர் கேளுங்கள். போகும்போது இப்போதைய காலிப்பரைப் போட்டுக்கொண்டே போங்கள், நடந்து காட்டச் சொல்வார்கள்.