பெருவெடிப்புக்கு முன்னால் யார்?

கேள்வி: பெருவெடிப்புக்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டால் விஞ்ஞானிகளிடம் பதில் இல்லை. அங்கேதான் கடவுள் இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: விபூதி பூசாமல் வெளியே கிளம்பாத ஆள் நான். எனக்கே அந்த யோசனை சரிப்படவில்லை.

1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் ஏறக்குறைய உங்களைப் போலவே பேசினார்: பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டென்று விஞ்ஞானம் சொல்வது படைத்தவனுக்குச் சாட்சி என்று. அதைக் கேட்டுச் சங்கடப்பட்டவர் யார் தெரியுமா? ஜார்ஜ் லெமைத்தர். பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்று 1931-இல் சொன்ன பெல்ஜியக்காரர். அவரே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்! அடுத்த வருடம் வானியலாளர்கள் ரோமில் கூடியபோது போப் மறுபடியும் அப்படிப் பேசிவிடக் கூடாது என்று வத்திக்கான் வானாய்வகத் தலைவர் மூலம் முயற்சி எடுத்தார். போப்பும் அந்தப் பேச்சைத் தவிர்த்துவிட்டார். (வேடிக்கை என்னவென்றால், 1949-இல் பிபிசி வானொலியில் இந்த விரிவுக்கு ‘பிக் பேங்’, அதாவது பெருவெடிப்பு, என்று பெயர் சூட்டிய பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயில், கடைசிவரை அந்தக் கொள்கையை ஏற்கவே இல்லை.)

சரி, விஞ்ஞானத்துக்கு எதுவரை தெரியும்? 1964-இல் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவரின் ஆன்டெனாவில் ஓயாத இரைச்சல். உள்ளே கூடு கட்டிய புறாக்களின் எச்சத்தை வழித்துத் துடைத்தும் நிற்கவில்லை. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது கிளம்பிய ஒளிதான், வழியில் நுண்ணலையாக நீண்டுபோய், அந்த இரைச்சலாக வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடித்துக்கொண்டே இருந்ததால், ஒளியைக் கொண்டு அதற்கு அப்பால் பார்க்க முடியாது. ஆனாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்திருக்கும் விகிதத்தை வைத்து முதல் சில நிமிடங்கள்வரை கணக்குப் போட்டுவிட்டார்கள். தசமப் புள்ளிக்குப் பிறகு 42 சைபர், அப்புறம் ஒரு 1. அந்த அளவு வினாடிக்குப் போனால்தான் சிக்கல். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையும் அணுவுக்குள் நடப்பதை விளக்கும் குவாண்டம் கொள்கையும் அங்கே ஒத்துப்போக மறுக்கின்றன.

நாளைக்கே யாராவது இரண்டையும் இணைத்துவிடலாம். அதுவரைக்கும் மட்டும் என்று என் முருகனை அந்த இடைவெளியில் வாடகைக்குக் குடிவைக்க எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: விஞ்ஞானத்துக்கு என்றைக்காவது எல்லாம் தெரிந்துவிடுமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: சந்தேகம்தான். பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-இல் கண்டுபிடித்தார்கள். இதே போக்கு நீடித்தால், வெகுதொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களிலிருந்து இன்று கிளம்பும் ஒளி எத்தனை கோடி ஆண்டுகள் காத்திருந்தாலும் நம்மை வந்து சேராது. இப்போது அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால் நோபல் பரிசு வாங்கியவரும் கையை விரிக்க வேண்டியதுதான்.