ஆறு தீவுகளுக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: எனக்கு 51 வயது, கணவருக்கு 55. தினமும் காலையில் 15 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறோம். அக்டோபர் கடைசியில் ஜப்பான் போய், ஆறு தீவுகளைப் பாலங்களால் இணைக்கும் ஷிமனாமி கைடோ சைக்கிள் பாதையில் ஓட்ட ஆசை. ஜப்பானிய மொழி தெரியாது, சுத்த சைவம். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார் கணவர். முடியுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முடியும். ஆனால் வேண்டாம் அம்மா. பாதை தொடங்கும் ஒனோமிச்சி ஊரிலிருந்து, அது முடியும் இமபாரி வரை சுமார் 70 கிலோமீட்டர்தான். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டு ஒரே நாளில் ஓட்டினேன். கடைசியில் வரும் குருஷிமா பாலம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளம். கீழே கடல் சுழித்து ஓடுவதைப் பார்க்கவே அவ்வளவு தூரம் போனேன், ஏறும்போது இருட்டிவிட்டது. அந்த வருத்தம் இன்றும் போகவில்லை. நீங்கள் நடுவில் வரும் இகுச்சிஜிமா தீவிலோ ஓமிஷிமா தீவிலோ ஒரு ராத்திரி தங்குங்கள். இகுச்சிஜிமா முழுக்க எலுமிச்சைத் தோட்டம்.

வழி தவறுமோ என்ற பயம் வேண்டாம். சாலையோரம் நீலக் கோடு கூடவே வரும். நம் ஊர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். முதல் தீவான முகைஷிமாவுக்குப் படகில் போய்விடுங்கள், சில நிமிடங்கள்தான்.

ஏற்றம்தான் உங்களுக்குப் புதிது. கப்பல் போகும் உயரத்தில் பாலங்கள். தீவுக்குத் தீவு ஏறி இறங்க வேண்டும். சரிவு லேசானது, ஆனால் டெல்டாவில் பழகிய கால்கள் அல்லவா! கிளம்புமுன் அடுத்தடுத்த இரண்டு நாட்கள் 35 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலை சீட்டில் உட்காரும்போது உடம்பு உண்மையைச் சொல்லிவிடும்.

வாடகை சைக்கிளை இமபாரியிலேயே விட்டுவிடலாம். மோட்டார் உதவியுள்ள வண்டி என்றால் அந்த வசதி உண்டா என்று எடுக்கும்போதே கேளுங்கள். பெட்டிகளை ஒரு ஓட்டலிலிருந்து அடுத்த ஓட்டலுக்கு அனுப்பும் கூரியர் அங்கே உண்டு. முதுகில் சின்னப் பை போதும்.

சாப்பாட்டில் கவனம். காய்கறி உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) என்றாலும் அதன் சாறு பெரும்பாலும் மீனில் கொதித்தது. "மீன், இறைச்சி, மீன் சாறு வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் அச்சிட்ட அட்டை வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் வெறும் சாதம் பாக்கெட்டில் கிடைக்கும், சூடாக்கியும் தருவார்கள். பருப்புப் பொடி கையில் இருந்தால் கவலையில்லை. தீவுகளில் கடைகள் குறைவு; ஒனோமிச்சியிலேயே வாங்கிவிடுங்கள்.

நீங்கள் போகும் சமயம் மாலை ஐந்தரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். இரண்டாம் நாள் மூன்று மணிக்குக் குருஷிமா பாலத்தில் இருக்கும்படி கிளம்புங்கள்.