18 ரூபாய் என்று காட்டினால் 18 ரூபாய்தான் வாங்க வேண்டும்

கேள்வி: பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சார்ஜிங் நிலையத்தில், யூனிட் 18 ரூபாய் என்று செயலியில் பார்த்துவிட்டுத்தான் என் மின்சாரக் காருக்கு சார்ஜ் போட்டேன். 24 யூனிட் ஏறியது. 432 ரூபாய்தானே ஆக வேண்டும்? 557 ரூபாய் பிடித்துவிட்டார்கள். மின்சாரத்துக்குத்தான் ஜி.எஸ்.டி. கிடையாதே, இது பகல் கொள்ளை இல்லையா?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: வரி வாங்கியது தப்பில்லை. வரியை மறைத்து விலை காட்டியதுதான் தப்பு.

வீட்டு மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது சரி. ஆனால் வண்டிக்கு சார்ஜ் போட்டுக் கொடுப்பது மின்சார விற்பனை அல்ல, சேவை என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே விளக்கிவிட்டது. உரிமம் இல்லாமலே யாரும் நிலையம் திறக்க முடிவது அதனால்தான். சேவை என்றால் 18 சதவீத வரி உண்டு. ஆக, நீங்கள் பார்த்த 18 ரூபாய் உண்மையில் 21 ரூபாய் 24 காசு. 24 யூனிட்டுக்கு 509.76. மிச்சக் கணக்கு நீங்கள் அனுப்பிய பில்லிலேயே இருக்கிறது: சார்ஜ் முடிந்தும் கன்னை (வண்டியில் சொருகும் முனையை) கழற்றாமல் நின்ற 20 நிமிடத்துக்கு, நிமிடம் 2 ரூபாய் வீதம் 40 ரூபாய், அதற்கும் வரி. மொத்தம் 556.96.

அடுத்த வண்டி காத்திருக்கும்போது இடத்தை அடைத்து நிற்பதற்குக் கட்டணம் வாங்குவது நியாயமே. அதைச் சார்ஜ் தொடங்கும் முன் சொல்லியிருக்க வேண்டும், முடிந்ததும் போனுக்குத் தகவல் அனுப்பியிருக்க வேண்டும். சின்ன விலையைக் காட்டி உள்ளே இழுத்து, கடைசியில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்கள் தடைசெய்திருக்கின்றன. 2020 மின்வணிக விதிகளும் வரி உட்பட மொத்த விலையை ஒரே எண்ணாக, பிரித்துக் காட்டும் கணக்கோடு தரச் சொல்கின்றன. செயலி வழியாகக் காசு வாங்குபவரிடம் இந்த இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். பிரிட்டனில் 2023 முதல் ஒரு யூனிட்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று காட்டுவது சட்டம். பெட்ரோல் பங்க்கில் தினமும் மாறக்கூடிய விலையையே பலகையில் போடும்போது, திரையே இருக்கிற சார்ஜரில் போட என்ன தடை?

நிமிடக் கணக்கில் வாங்கும் இடங்களில் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும் இயந்திரத்தில் இரண்டு கன் இருந்தால், பக்கத்தில் இன்னொரு கார் வந்ததும் பல இடங்களில் உங்களுக்கு 30 ஆகிவிடும். 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாத வெயிலில் சார்ஜரும் சூடாகி இறங்கும். நிமிடத்துக்கு அதே காசு, ஏறுவதோ பாதி யூனிட். யூனிட் கணக்கில் வாங்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். சாலைப் பயணத்தில் 80-லேயே கழற்றிவிடுங்கள்.

ஏ.சி. (வீட்டுக்கு வருவது போன்ற மாறுதிசை மின்சாரம்) தரும் சார்ஜரில் மீட்டர் 24 காட்டி பேட்டரிக்கு 21, 22 தான் போய்ச் சேர்ந்தால் அது மோசடி இல்லை. வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் ஏ.சி.யை பேட்டரிக்கு வேண்டிய டி.சி.யாக (நேர்திசை மின்சாரமாக) மாற்றும்போது பத்து சதவீதம் போல வெப்பமாகப் போய்விடும்.

நேரத்துக்கு நேரம் விலை மாறுவதற்கும் காரணம் உண்டு. மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல், நிலையங்களுக்கான மின்கட்டணம் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி விநியோகச் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு என்கிறது. பகல் சலுகை நமக்கும் வருகிறதா என்று பாருங்கள். மூன்றரைக்குச் சொருகி நாலரைக்குக் கழற்றினால் எந்த விலை என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாலில் போட்டால் பார்க்கிங் காசு தனி.

கன் சொருகும் முன் விலைத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரி சேர்ந்ததா, சார்ஜ் முடிந்தும் நிற்பதற்கான நிறுத்தக் கட்டணம் எத்தனை நிமிடத்துக்குப் பிறகு, செயலியின் வாலெட்டில் போட்ட மீதிப் பணம் திரும்ப வருமா என்ற மூன்றையும் பாருங்கள். முடிந்ததும் பரிவர்த்தனை எண்ணோடு ஜி.எஸ்.டி. பில்லை இறக்கி வையுங்கள். மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்தால் வருவதுதான் உண்மை விலை. உங்களுக்கு அது 23 ரூபாய் 21 காசு. படத்தையும் பில்லையும் வைத்து முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். புகாரில் ‘அதிகம் வாங்கினார்கள்’ என்று எழுதாதீர்கள்; ‘காட்டிய விலையில் வரியும் நிறுத்தக் கட்டணமும் இல்லை’ என்று எழுதுங்கள்.